மண்ணெண்ணெயிலிருந்து மின்சாரத்துக்கு

1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது; பெற்றோலுக்கும் தடை விழுந்தது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களைச் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். எரிபொருள் எவர் கையிலோ, பயணமும் அவர் கையிலே என்பதை அன்று கற்றோம்.

இன்று ஒக்லாந்தில் எம்மவர் வாசலிலும் மின்சாரக் கார் நிற்கிறது. 2010 இல் ஜப்பானில் வெளிவந்த நிசான் லீஃப், பாவித்த காராக இங்கு பெருமளவில் இறக்குமதியானது. வீட்டுச் சுவரின் சாதாரணப் பிளக்கில் இரவு முழுவதும் மின்னேற்றினால், காலையில் வேலைக்குப் போய்வரலாம். ஆனால் 2009 முதல் இருந்த வீதிப் பாவனைக் கட்டண விலக்கு 2024 மார்ச்சுடன் முடிந்தது. ஏப்ரலில் 1000 கிலோமீற்றருக்கு 76 டொலர் விதிக்கப்பட்டது. பெற்றோல் வரியும் செலுத்தும் பிளக்-இன் ஹைபிரிட் கார்களுக்கு 38 டொலர்.

மின்சாரமும் தவறாததன்று. நிலத்தடி மின்வடங்கள் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகி, 1998 பெப்ரவரியிலிருந்து ஒக்லாந்து நகரமையம் ஐந்து வாரங்கள் தவித்தது.

வாடகைக்கு இருப்போருக்குப் பிளக்கும் வீட்டுக்காரருடையதே. ஆகவே வாங்குமுன் பற்றரியின் நிலையையும் வீட்டுக்காரரின் சம்மதத்தையும் கேட்டறிவோம். துளித் துளியாய்ப் பெற்றோலைக் கணக்கிட்ட நாம், இங்கும் கணக்கை மறத்தலாகாது.