தக்காவிக் கடனும் கொங்கு நாட்டுக் கிணறுகளும்

சென்னை மாகாணத்தின் நீர்ப்பாசன வரலாறு பெரும்பாலும் அணைகளையும் கால்வாய்களையும் பற்றியதாகவே எழுதப்பட்டுள்ளது. அரசு தன் செலவில் கட்டி, தண்ணீர்த் தீர்வையும் வசூலித்த வேலைகள் அவை என்பதால் ஆவணங்களும் அவற்றுக்கே மிகுதி. ஆற்றுப் பாய்ச்சல் இல்லாத மேட்டு நிலங்களில் குடியானவர்கள் தாமே வெட்டிக்கொண்ட கிணறுகளுக்கு அரசு அளித்த உதவியோ பெரும்பாலும் கடன் வடிவிலேயே இருந்தது. தக்காவி என்று வழங்கிய அந்தக் கடன், விதைக்கும் உழவு மாட்டுக்கும் கிணற்றுக்குமாக அரசு முன்பணம் கொடுத்து, விளைச்சலுக்குப் பின் நிலத்தீர்வையோடு சேர்த்துத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் பழைய ஏற்பாடு. முகலாயர் ஆட்சியிலும் திப்பு சுல்தானின் மைசூரிலும் நடைமுறையில் இருந்த அதைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர்கள் அப்படியே எடுத்துக்கொண்டனர்.

குடியானவர் சொந்தச் செலவில் செய்யும் நில மேம்பாட்டுக்காகக் கூடுதல் தீர்வை விதிப்பதில்லை என்று சென்னை அரசு 1852இல் அறிவித்த பிறகுதான் கிணறு வெட்டுவதற்கு இருந்த பெரிய தயக்கம் ஒன்று நீங்கியது. அதற்கான முதலை யார் கொடுப்பது என்ற கேள்விக்கு 1871ஆம் ஆண்டின் நில மேம்பாட்டுச் சட்டம் அரைகுறையாகவே விடை சொன்னது. 1876–78இன் தாது வருடப் பஞ்சம் தென்னிந்தியாவைச் சூறையாடிச் சென்றபின், ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம் 1880இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1883இல் நில மேம்பாட்டுக் கடன் சட்டமும், விதை, மாடு போன்ற தேவைகளுக்காக 1884இல் விவசாயிகள் கடன் சட்டமும் இயற்றப்பட்டன.

தாளில் பார்த்தால் 1883ஆம் ஆண்டுச் சட்டம் தாராளமானது. கிணறு, குளம் முதலான நீர்வேலைகளுக்கு அதன் பட்டியலில் முதலிடம் தரப்பட்டது. திருப்பிச் செலுத்தும் காலம் சாதாரணமாக 35 ஆண்டுகள் வரை நீளலாம். வட்டியோ தனியார் வட்டிக்கடை கேட்டதைவிட வெகுவாகக் குறைவு. ஆனால் கடன் நிலுவையானால் அதை நிலத்தீர்வை பாக்கியைப் போலவே வசூலிக்கலாம் என்ற ஏழாம் பிரிவு, இத்தனை தாராளத்தையும் ஒரே வீச்சில் அச்சமாக மாற்றிவிட்டது. தீர்வை பாக்கிக்கு 1864ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம் பொருந்தியதால், சிவில் நீதிமன்றத்தை அணுகாமலேயே அதிகாரி ஜப்தி செய்யலாம், அதாவது கடனாளியின் பொருளைக் கைப்பற்றலாம். பிறகு நிலத்தையே ஏலம் விடலாம். வட்டிக்கடைக்காரருக்கு இல்லாத இந்த அதிகாரம் தாசில்தாருக்கு இருந்தது என்பதைக் குடியானவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

விண்ணப்பத்தின் பயணமும் எளிதன்று. நிலம் யார் பெயரில் தீர்வை கட்டுகிறது என்பதைக் காட்டும் பட்டா இல்லாதவர், அதாவது குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுபவர், பெரும்பாலும் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டார். பட்டாதாரரின் மனு தாலுகா கச்சேரியில் பதிவாகி, கிராமக் கணக்கை வைத்திருந்த கர்ணத்தின் பார்வைக்கும், மேற்பார்வையிடும் வருவாய் ஆய்வாளரின் நேர்விசாரணைக்கும் சென்றது. நிலத்தின் மீது முன்பே அடமானமோ வேறு உரிமைக் கோரிக்கையோ உண்டா என்ற வில்லங்கமும் பார்க்கப்பட வேண்டியிருந்தது. அதிகாரி தேவையெனக் கருதினால், ஆட்சேபம் உள்ளவர்கள் குறித்த நாளில் வந்து சொல்லலாம் என்று அறிவிப்பு வெளியிட்டு, வந்த ஆட்சேபங்களை விசாரித்து எழுத்து மூலம் உத்தரவிட ஐந்தாம் பிரிவு வழிசெய்தது. பங்காளிச் சண்டை உள்ள குடும்பத்தில் இந்த அறிவிப்பு எதற்குப் பயன்பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கிணறு வெட்டுவதற்குரிய பருவம் கோடை. கச்சேரியின் பருவமோ வேறு.

இந்தச் சிக்கல் முழு வடிவில் வெளிப்பட்ட இடம் கொங்கு நாடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் கோயம்புத்தூர்ப் பகுதியில் மேல்மண்ணுக்குக் கீழே கரும்பாறை இருப்பதால், கிணறு என்பது பாறையைக் கடப்பாரையாலும் வெடிமருந்தாலும் உடைத்து ஆழமாக்கும் நெடுநாள் வேலை. இரண்டு எருதுகள் சரிவான வாரியில் இறங்கி ஏறி, தோல் தும்பி பொருத்திய சாலால் நீர் இறைக்கும் கவலைக்கு, வெட்டுக்கூலியோடு மாட்டு விலையும் தோலும் வடக்கயிறும் சேர்ந்து முதல் பெருகியது. அவ்வளவு செலவழித்தும் ஊற்றுக்கண் அகப்படாமல் போகலாம். தண்ணீர் காணாத கிணறும் கணக்கில் கிணறுதான். அதற்கும் தவணை தப்பாமல் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய கம்போடியா பருத்திக்குக் கிணற்றுப் பாய்ச்சல் தேவைப்பட்டதால், இந்தத் துணிச்சலுக்கு லாபக் கணக்கும் சேர்ந்துகொண்டது.

கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை 1887இல் தொகுத்த பிரெடரிக் நிக்கல்சன், கிராமங்களின் மொத்தக் கடன் தேவையை அரசு கஜானா ஒருபோதும் நிறைவு செய்யாது என்ற முடிவுக்கு வந்து, 1895லும் 1897லும் வெளியான தம் அறிக்கைகளில் ஜெர்மனியின் ரைபைசன் முறையிலான கூட்டுறவுச் சங்கங்களைப் பரிந்துரைத்தார். 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு அந்த அறிக்கைகள் வழிகோலின. ஆயினும் சங்கங்களின் குறுகிய காலக் கடன் கிணற்றுக்குப் பொருந்தவில்லை; நீண்ட காலக் கடனுக்கென்றே 1929இல் சென்னை மத்திய நில அடமான வங்கி தொடங்கப்பட்டது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் வந்து, பின்னர் கவலையின் இடத்தை மோட்டார் பிடித்தபோது கடனின் அளவும் ஏறியது.

இத்தனைக்குப் பிறகும், 1951–52க்கான அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வின்படி, விவசாயிகள் பெற்ற கடனில் அரசின் பங்கு 3.3 விழுக்காடும் கூட்டுறவின் பங்கு 3.1 விழுக்காடும் மட்டுமே. ஏறத்தாழ 70 விழுக்காடு வட்டிக்குக் கொடுப்போரிடமிருந்து வந்தது. எழுபது ஆண்டுகள் நடைமுறையில் இருந்த ஒரு சட்டத்துக்கு இது மிகச் சிறிய பலன். பின்னர் 1963இல் வேளாண் மறுநிதிக் கழகமும், 1982இல் நபார்டு வங்கியும் தோன்றிப் பணத்தின் அளவைப் பெருக்கின; கடன் கொடுக்கும் இடமும் தாலுகா கச்சேரியிலிருந்து வங்கிக் கிளைக்கு மாறியது. கிணற்றுக் கடன் கேட்டு வருபவரிடம் நில உடைமையைக் காட்டும் சிட்டாவும், பயிர் விவரம் தரும் அடங்கலும், வில்லங்கச் சான்றும் கேட்கும் வழக்கமோ மாறவில்லை. அடுத்தவர் பட்டா நிலத்தை வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவருக்கு அந்தக் கடன் இன்றும் எட்டுவதில்லை.