வேர்மொன்ற் வீதிகளில் 1940ஆம் ஆண்டுப் பனி

அமெரிக்காவின் வடகிழக்கில், கனேடிய எல்லையைத் தொட்டுக் கிடக்கும் சிறிய மாநிலம் வேர்மொன்ற். 1940ஆம் ஆண்டின் குளிர்கால இறுதியில் அதன் கிராமத்து வீதிகளைப் படமெடுத்துத் திரிந்தார் ஓர் இளம்பெண். பெயர் மரியன் போஸ்ட், வயது 29. அடுத்த ஆண்டில் திருமணமாகி மரியன் போஸ்ட் வொல்கொட் ஆனார். அப்பெயராலேயே வரலாறு அவரை அறியும்.

அவரும் நம்மைப் போலப் பத்திரிகைத் தொழிலிலிருந்து வந்தவர்தான். பிலடெல்பியா நகரின் நாளிதழ் ஒன்றில் புகைப்படக்காரராக இருந்தபோது, பெண் என்பதால் நாகரிக உடை, மகளிர் பக்கம் என்றே அவருக்கு வேலை ஒதுக்கினார்கள். அதை உதறிவிட்டு 1938இல் அமெரிக்க அரசின் பண்ணைப் பாதுகாப்பு நிருவாகத்தில் சேர்ந்தார். பொருளாதார மந்தத்தால் நொடிந்த விவசாயிகளின் வாழ்வைப் பதிவு செய்ய அங்கு றோய் ஸ்ட்றைக்கரின் தலைமையில் ஒரு புகைப்படப் பிரிவு இயங்கிவந்தது. வறுமையை மட்டுமே காட்டுவதாக எதிர்ப்பு எழாதிருக்க, அழகிய கிராமக் காட்சிகளும் அப்பிரிவுக்குத் தேவைப்பட்டன. வேர்மொன்ற் பனிப் படங்களுக்கு இந்த அரசியற் பின்னணியும் உண்டு.

அவற்றுள் புகழ்பெற்றது வூட்ஸ்டொக் என்ற சிற்றூரின் நடுத்தெருவில் இரவில் எடுத்த படம். (1969ஆம் ஆண்டு இசைவிழாவுக்குப் பெயர் கொடுத்த வூட்ஸ்டொக் நியூயோர்க் மாநிலத்தில் உள்ளது, அது வேறு.) குவிந்த பனியில் விளக்கொளி படிந்து கிடக்கிறது. வாழ்த்து அட்டை போன்ற அழகு. ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது, அதே ஊரில் கடும் பனிப்பொழிவின் பின் கடிதம் விநியோகிக்கும் தபாற்காரரின் படம். அவ்வூரில்தான் 1934இல் அமெரிக்காவின் முதலாவது பனிச்சறுக்குக் கயிற்றிழுவை அமைக்கப்பட்டது. நகரத்தார் விளையாட வந்த பனி, உள்ளூர்த் தபாற்காரருக்குச் சுமை. அந்த வேறுபாட்டை மரியனின் கண் தவறவிடவில்லை.

பனியைப் படமெடுப்பது எளிதன்று. கமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்கிடும். அதன் சொல்லைக் கேட்டால் வெண்பனி அழுக்குச் சாம்பலாக வந்து நிற்கும். ஆகவே ஒன்று அல்லது இரண்டு படி கூடுதலாக ஒளி விடவேண்டும். குளிரில் கமராவின் மூடியிலுள்ள எண்ணெய் இறுகும்; பிலிம் நொறுங்கும். வெளியில் நின்ற கமராவைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் வில்லையில் நீர் படரும்.

நிழலும் ஒரு சிக்கல். வெயிலடிக்கும் நாளில் பனிமீது விழும் நிழல் கறுப்பல்ல, நீலம். அதற்கு ஒளி தருவது வானம். கறுப்பு வெள்ளைப் படத்தில் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் வடிகட்டியை மாட்டினால் அந்த நீலம் கறுத்து, வண்டித்தடமும் காலடித்தடமும் துலங்கும். அது இல்லையேல் வீதி வெறும் வெள்ளைத் தாள்.

அன்று வர்ணப் பிலிம் இல்லாமலில்லை. கொடாக் நிறுவனத்தின் கொடக்குறோம் 35 மில்லிமீற்றர் பிலிம் 1936இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் அதன் ஒளியுணர்திறன் ஏறத்தாழ 10. இன்றைய கைத்தொலைபேசி 100ஐயும் 1,000ஐயும் சாதாரணமாகக் கையாளுகிறது. பனி இரவில் அந்தப் பிலிமை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தவறாக ஒளி விட்டால் இருட்டறையில் திருத்தவும் வழியில்லை. எடுத்தாலும் அக்கால நாளிதழ்கள் கறுப்பு வெள்ளையில்தான் அச்சிட்டன. ஆகவே பண்ணைப் பாதுகாப்பு நிருவாகமும் அதன் பின்வந்த போர்த் தகவல் அலுவலகமும் விட்டுச்சென்ற தொகுப்பில் கறுப்பு வெள்ளை நெகற்றிவ்கள் 170,000க்கு மேல். வர்ணப்படங்கள் ஏறத்தாழ 1,600 மட்டுமே.

அந்தச் சிறு தொகுப்பில், ஜக் டெலானோ 1942 டிசம்பரில் சிக்காகோவின் புரொவைசோ ரயில் தளத்தில் எடுத்த வர்ணப்படங்கள் இருக்கின்றன. சரக்குப் பெட்டிகளின் கூரைகளில் பனி. அவற்றைப் பார்த்த பிறகு மரியனின் வீதிகளுக்குத் திரும்பினால் ஓர் உண்மை உறைக்கிறது. அக்காலத்துக்கே உரிய துயரம் என்று நாம் எண்ணும் அந்தச் சாம்பல் நிறத்தில் பாதி, பிலிமின் வேகமும் அச்சுக்கூடத்தின் வசதியும் தந்தது. 1940ஆம் ஆண்டு மக்கள் நீலநிழல் விழுந்த பனியில்தான் நடந்தார்கள். கறுப்பு வெள்ளை அவர்களை நம்மிடமிருந்து தள்ளிவைத்துவிட்டது. 1983க்குப் பின் கனடாவுக்குப் போன நம்மவர்கள் ஊருக்கு அனுப்பிய முதற் பனிப்படங்கள் வர்ணத்தில் வந்தன. அவற்றை நாம் 'அக்காலம்' என்று பார்ப்பதேயில்லை.

அழகுக்கு வர்ணமா, கறுப்பு வெள்ளையா என்ற பழைய விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. அந்த இரவுப் படம் வர்ணத்தில் இருந்திருந்தால் இவ்வளவு அமைதி வந்திராது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

மரியன் 1942இல் பதவி விலகினார், 1990இல் காலமானார். இப்படங்கள் வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. அதன் இணையத்தளத்தில் அவர் பெயருடன் வூட்ஸ்டொக் என்று தேடினால், அந்தத் தபாற்காரரையும் காணலாம்.