விருந்து யார்?

'விருந்து' என்றவுடன் இக்காலத்தே இலையும் வடை பாயசமும் நினைவுக்கு வருகின்றன. பழந்தமிழில் அச்சொல்லின் முதற்பொருள் புதுமை என்பதாம். தொல்காப்பியர் செய்யுளுக்குரிய எண்வகை வனப்புக்களுள் ஒன்றை விருந்து என வழங்கியதும், புதிதாகப் புனையும் யாப்பைக் கருதியே. புதுமையைக் குறித்த சொல் புதியராய் வந்தவருக்கு ஆயிற்று. பின்னர் அவருக்கு இடும் உணவுக்கும் ஆயிற்று.

உறவினர் வருகை அக்கருத்தில் விருந்தன்று. இல்வாழ்வான் பேணவேண்டியவரை எண்ணுமிடத்து வள்ளுவர் விருந்தை வேறாகவும், சுற்றமாகிய ஒக்கலை வேறாகவும் நிறுத்துகிறார். எனவே விருந்தோம்பல் என்பது அறியாதவரைப் பேணுதலே. மணவீட்டில் உற்றார்க்குப் படைப்பதை மட்டும் அப்பெயரால் வழங்குவது, சொல்லைப் பாதியாக்குவதாகும் என்பது நம் துணிபு.

பழங்கன்னடத்திலும் இச்சொல் 'பிர்து' என வழங்கியது. கிரேக்க மொழியிலோ அயலாருக்கும் விருந்தினருக்கும் ஒரே சொல்தான். இலத்தீனில் அயலாரைக் குறித்த ஒரு சொல் நாளடைவில் பகைவரைக் குறிக்கலாயிற்று. புதியவர்மேல் அச்சம் படரும்போது மொழியும் திரிகிறது போலும்!

அத்தகைய அச்சத்தைப் பெங்களூரும் கண்டது. 1898-இல் பிளேக் நோய் பரவியபோது இரயிலில் வந்திறங்கியோர் ஐயத்துடன் சோதிக்கப்பட்டனர். அந்நோய் தந்த பாடத்தால், கன்டோன்மெண்டின் நெருக்கத்தைக் குறைக்க 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த புதுக்குடியிருப்பே பிரேசர் டவுன். மைசூர் ரெசிடெண்டாயிருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்கு இடப்பட்டது. பிற்காலத்தில் புலிகேசி நகர் என்றாயிற்று. பல்லவ நாட்டின்மேல் அழையாமலே படையொடு வந்த மன்னனின் பெயர் அது! மக்கள் நாவில் பழைய பெயரே நிற்கிறது.

1809-இல் கன்டோன்மெண்ட் அமைந்தபின், படையையும் வணிகத்தையும் கூலிவேலையையும் நாடிச் சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழர் இவ்வட்டாரமெங்கும் குடியேறினர். சொல்லின் முதற்பொருளில் அவர்களே இந்நகரின் விருந்து.

தலைமுறைகள் கடந்தன. இன்று ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வேலைதேடி வருவோர் அதே தெருக்களில் வாடகைக்கு அறை கேட்டு நிற்கின்றனர். வீட்டுக்காரர் நாம். 'நம்மவர்க்கே கொடுப்போம்' என்று விடையளிப்போர் நம்மிடையே இல்லாமலில்லை.

மோந்தால் வாடும் அனிச்சத்தை விருந்தினர்க்கு ஒப்பிட்ட குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர், விருந்தோம்புவார்க்கு மூன்றனை வேண்டுகிறார்: தொலைவில் கண்டபோது இன்முகம், நெருங்கியபோது இன்சொல், அவர் உடன்பட்டபின் நல்லுபசாரம். நாம் விருந்தென்று கொண்டாடும் சோறு அந்த மூன்றாவதனுள்தான் அடங்கும்.