சுருட்டுப் பெட்டி மெருகுப்பொருள்கள்

உயர்வகைச் சுருட்டுகளை அடைக்கும் மரப்பெட்டியின் அழகுக்கும் காப்புக்கும் பயன்படுபவை. தமிழ்நாட்டில் திண்டுக்கல் புகையிலையால் திருச்சி உறையூரில் சுருட்டப்பட்ட ‘திருச்சிச் சுருட்டு’ 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்து வரை புகழ்பெற்றது; 1887இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலும் அது இடம்பெறுகிறது.

உட்புறம்: சுருட்டு அருகிலுள்ள எந்த மணத்தையும் ஈர்த்துக்கொள்ளும். ஆகவே உள்ளே வார்னிஷ், பெயின்ட், வாசனைப் பசை எதுவும் கூடாது. இழைத்துத் தேய்த்த வெறும் மரமே சிறந்தது. மேலை நாடுகளில் ஸ்பானிய செடார் மரத்தையும், இந்தியாவில் அதன் உறவான சந்தன வேம்பையும் பயன்படுத்தினர். சுருட்டுக்கு ஏற்ற ஏறத்தாழ 65–70 விழுக்காடு காற்று ஈரப்பதத்தில் மரம் முறுக்கிக்கொள்ளாதிருக்க வேண்டும்.

வெளிப்புறம்: தேக்கு, ஈட்டி மரங்களின் மெல்லிய வெனீர் ஒட்டலாம். ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கை (ஷெல்லாக்) பஞ்சுத் துணியால் பல பூச்சாகத் தேய்த்தால் மரத்தின் ரேகை துலங்கும்; ஆனால் ஈரமும் மதுவும் பட்டால் வெளுக்கும். பாலியூரித்தேன் அவற்றைத் தாங்கும். எனினும் நெடி முற்றிலும் அடங்கிய பிறகே சுருட்டை அடுக்க வேண்டும்.

அணிகள்: பித்தளைக் கீல், கொக்கி, வண்ணக் கல்லச்சு லேபிள், ஓர விளிம்புத் தாள்.