ஓடம் நின்ற துறைகள்: சென்னைக் கால்வாயும் நம் ஜெட்டிகளும்

கப்பலில் மூன்று நாள் ஆடி அசைந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் நம் அந்தமான் தமிழர்கள் பலர், பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயிலைப் பிடித்து மயிலாப்பூர் பக்கம் போயிருப்பார்கள். சேப்பாக்கம் தாண்டியதும் ஜன்னலுக்குக் கீழே கறுப்பாகத் தேங்கிக் கிடக்கும் ஒரு தண்ணீர். மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன சாக்கடை இது?" என்று கேட்காதவர்கள் குறைவு. நானும் கேட்டவன்தான். கூட வந்த பெரியம்மா சிரித்துவிட்டுச் சொன்னார்: "சாக்கடையாடா? கல்யாணம் ஆகி நான் இதுலதான் படகுல வந்து எறங்கினேன். கோவளத்துலேர்ந்து விறகுப் படகு. மேல விறகு, அதுக்கு மேல நான்."

அந்தச் சாக்கடையின் பெயர் பக்கிங்ஹாம் கால்வாய். வடக்கே ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணம் வரை கடற்கரையை ஒட்டி ஏறக்குறைய 420 கிலோமீட்டர் ஓடும் உப்புநீர்ப் பாதை. அதில் சுமார் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் இருக்கிறது. பெத்தகஞ்சாமுக்கு மேலே கிருஷ்ணா, கோதாவரிக் கால்வாய்களோடு சேர்ந்து காக்கிநாடா வரைக்கும் நீர்வழியாகவே போக முடிந்த காலம் ஒன்று இருந்தது.

முதலில் இது அரசாங்கத்தின் வேலையே அல்ல. பேசில் காக்ரேன் என்ற வியாபாரி அனுமதி வாங்கி, சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டி, 1806இல் ஓடம் விட்டார். படகுக்குச் சுங்கம் வசூலித்தார். பிறகு அது பழவேற்காடு வரை நீண்டது. 1837இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஆனால் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையில், நகரத்தின் நடு மார்பில், ஒரு துண்டு மட்டும் இணையாமலே கிடந்தது. எட்டு கிலோமீட்டருக்கு மேல் இல்லாத அந்தத் துண்டை இணைத்தது தாது வருஷப் பஞ்சம்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். பட்டணத்துக்கு ஓடி வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டுமென்றால் அவர்கள் ஏதாவது வேலை செய்ய வேண்டும் என்பது அன்றைய ஆட்சியின் நியாயம். சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877இல் நிவாரண வேலைக்கு விதித்த கூலி, ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு அரை வயிற்றுக்குக்கூடப் போதாத கூலி அது என்று அப்போதே கண்டனம் எழுந்தது. அந்தப் பஞ்ச நிவாரண வேலைகளில் ஒன்றாக, 1877-78இல் கூவமும் அடையாறும் இணைக்கப்பட்டன. பட்டினி கிடந்தவர்கள் வெட்டிய கால்வாய்க்கு, 1875 முதல் 1880 வரை கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் வைக்கப்பட்டது. இந்தத் தீவில் வாழும் நமக்கு இது புதிதல்ல. 1858க்குப் பிறகு இங்கே போட்ட சாலைகளையும், 1896இல் தொடங்கி 1906இல் முடித்த செல்லுலார் சிறையையும் கட்டியவர்கள் கைதிகள்தான். பெயர்ப் பலகை யாருக்கு, வேர்வை யாருக்கு என்பது அங்கும் இங்கும் ஒரே கணக்கு.

விறகு, சவுக்குக் கட்டை, உப்பு, கிளிஞ்சல் சுண்ணாம்பு, நெல், காய்கறி என்று பட்டணத்துக்கு வேண்டியது எல்லாம் கால்வாய் வழியே வந்தது. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி. அதுவும் போதாதபோது கரையில் இறங்கி, தோளில் கயிற்றைப் போட்டு மனிதர்களே இழுத்தார்கள். பாரதிதாசன் நண்பர்களோடு இந்தக் கால்வாயில் மாமல்லபுரத்துக்குப் படகில் போன அனுபவத்தை 'மாவலிபுரச் செலவு' என்ற பாட்டாகவே எழுதிவைத்திருக்கிறார். பேசின் பிரிட்ஜ் என்ற பெயரில் உள்ள 'பேசின்', படகுகள் வந்து தங்கிய நீர்த்தொட்டிதான். ரயில் பிடிக்கப் போகிறவர்கள் இப்போது அதை யோசிப்பதில்லை.

பெரியம்மாவிடம் கால்வாயைப் பற்றிக் கேட்டால் தண்ணீரைப் பற்றி அவர் பேசவே மாட்டார். அடையாறு லாக்கைப் பற்றித்தான் பேசுவார். லாக் என்றால் பூட்டுத்தான். ஆறு கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும், கால்வாய் மட்டம் வேறாக இருக்கும். படகை இரண்டு கதவுகளுக்கு நடுவே விட்டு, பின் கதவைச் சாத்தி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ மட்டம் சரியானதும் முன் கதவைத் திறப்பார்கள். அதுவரை காத்திருக்க வேண்டும். முன்னால் நாலு படகு நின்றால் அரை நாள்கூட ஆகும். "அந்த நேரத்துலதான் ஒலை வைப்போம். பக்கத்துப் படகுக்காரி மீன் குடுப்பா, நான் ஊறுகா குடுப்பேன். யாரு வீட்ல பொண்ணு இருக்கு, யாரு வீட்ல சாவு, எல்லாம் அங்கதான் தெரியும். மயிலாப்பூர் வந்து சேர்றதுக்குள்ள எனக்கு நாலு சிநேகிதி."

நீர்வழி நகரத்துக்கு உயிர் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு நான் படித்த புத்தகங்களைவிட இது நல்ல பதில். உயிர் தண்ணீரில் இல்லை, படகு நிற்கும் இடத்தில் இருக்கிறது. வேலை இருப்பதால் நிற்கிறார்கள், நிற்பதால் பேசுகிறார்கள். வெனிஸைப் பாருங்கள். கால்வாய்களுக்கு அங்கே ஒரு குறையும் வரவில்லை, மாளிகைகள் அப்படியே நிற்கின்றன. ஆனால் 1951இல் ஏறக்குறைய 1,75,000 பேர் குடியிருந்த பழைய நகரத்தில் 2022இல் 50,000க்கும் கீழே போய்விட்டது. 2024 முதல் சில நாட்களில் பகல் விருந்தாளிகளிடம் நுழைவுக் கட்டணம்கூட வாங்கத் தொடங்கினார்கள். ஊருக்குள் நுழைய டிக்கெட்! நமக்கு அருகிலுள்ள ஆலப்புழை தேவலாம். 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய அந்தக் கால்வாய் ஊரில், கேரள அரசின் பயணிகள் படகு இன்னும் ஓடுகிறது. வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஜெட்டியில் நிற்கிறார்கள்.

சென்னைக் கால்வாய் ஒரே நாளில் சாகவில்லை. ரயில் வந்தது, லாரி வந்தது. 1965, 1966 புயல்கள் கரைகளையும் லாக்குகளையும் உடைத்துப் போட்டன. திருத்தி மறுபடி ஓடம் விட யாருக்கும் அவசரம் இல்லை. ஓடம் நின்றதும் சாக்கடை வந்தது. பிறகு பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே இறக்கினார்கள். 1995இல் சேப்பாக்கம் வரையும் 1997இல் மயிலாப்பூர் வரையும் ரயில் ஓடியது, கால்வாய் ஒடுங்கியது. 2004 சுனாமியின்போது கடற்கரையோரத்தில் பல இடங்களில் அலையின் வேகத்தை இந்தக் கால்வாய் வாங்கிக்கொண்டது என்றார்கள். அந்த நாளில் இங்கே நாம் பட்டதை நினைத்தால், நன்றியோடு பார்க்க வேண்டிய பள்ளம் அது. 2008இல் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையிலான தடத்தைத் தேசிய நீர்வழி 4 என்று அறிவித்தார்கள். நகரத்துக்குள்ளே இதுவரை ஓடம் வரவில்லை.

கால்வாயைச் சுத்தம் செய்யும் பேச்சு வரும்போதெல்லாம் முதலில் வெளியேற்றப்படுகிறவர்கள் கரையோரக் குடிசைக்காரர்கள். நீர்நிலைக் கரைகளில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விட்டார்கள். வெள்ள ஆபத்து உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஓடம் போன பிறகும் அந்தத் தண்ணீருக்கு முகம் காட்டிக் குடியிருந்தவர்கள் அவர்கள் மட்டும்தானே! அவர்களை இருபது கிலோமீட்டர் தள்ளி வைத்துவிட்டு, நடைபாதையும் பூச்செடியும் வைத்தால் வேடிக்கை பார்க்க ஆள் வரும். உலை வைக்க யார் வருவார்கள்?

2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நம் போர்ட் பிளேரில் கால்வாய் கிடையாது. ஆனால் பெரியம்மா சொன்ன துறை இங்கே இருக்கிறது. சாத்தம் ஜெட்டியில் பம்பூ பிளாட் ஃபெரிக்கு நிற்கும்போது கவனித்திருப்பீர்கள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஆபீஸ் கிளார்க், கோழிக் கூடையோடு ஒரு அம்மா, ராஞ்சிக்காரர், வங்காளி, தெலுங்கர், நாம். இந்தியும் தமிழும் கலந்து பேசிக்கொள்வோம். நீல் தீவின் காய்கறி வந்து இறங்குவதும் படகில்தான். வராத நாளில் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

2019இல் ஹம்ப்ரி நீரிணையின் மேல் 1.45 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆசாத் ஹிந்த் ஃபௌஜ் பாலம் திறந்தார்கள். ரங்கத்திலிருந்து நோயாளியைக் கொண்டுவருகிறவர்களைக் கேளுங்கள், பாலத்தின் அருமை தெரியும். நான் பாலத்துக்கு எதிரி அல்ல. ஆனாலும் பாராட்டாங்கில் காந்தி காட்டுக்கும் உத்தராவுக்கும் இடையில் வண்டி ஃபெரிக்காக நின்ற நேரத்தில், டீ குடித்துக்கொண்டே எனக்கு ஒரு சம்பந்தம் பேசி முடித்தார்கள். இப்போது பஸ் சில நிமிடங்களில் தாண்டிவிடுகிறது. யாரும் இறங்குவதில்லை.

2012இல் சென்னைக்குப் போனபோது மயிலாப்பூர் தண்ணீர்த்துறை மார்க்கெட்டுக்குப் போனேன். கால்வாயில் காய்கறிப் படகு வந்து இறங்கிய துறை என்பதால் வந்த பெயர் என்று பெரியம்மா சொல்வார். கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்த இளைஞனிடம், "ஏம்பா, இதுக்கு ஏன் தண்ணித்துறைன்னு பேரு?" என்று கேட்டேன்.

தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "முன்னாடி இங்க தண்ணி லாரி நிக்குமாம் சார்."

பெரியம்மாவிடம் இதைப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கத்தரிக்கா என்ன வெல சொன்னான்?" என்று கேட்டார்.