அடுத்தவர் பாட்டு, நம் குரல்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 31சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. 2012 திருத்தத்தில் வந்தது. ஏற்கெனவே வெளிவந்த ஒரு பாட்டை இன்னொருவர் தன் குரலில் பதிவு செய்து வெளியிட வேண்டுமென்றால் என்னென்ன செய்யணும் என்று அது பட்டியல் போடுகிறது. முதல் பதிவு வந்த வருடம் முடிந்து ஐந்து காலண்டர் வருடங்கள் காத்திருக்க வேண்டும். உரிமையாளருக்கு முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும். முன்பு பாடியவரின் பெயரோ படமோ உறையில் இருக்கக் கூடாது. இது கவர் வெர்ஷன் என்று உறையிலேயே சொல்ல வேண்டும். அப்புறம் ராயல்டி. ஒரு பாட்டுக்கு, ஒரு காலண்டர் வருடத்துக்கு, குறைந்தது 50,000 பிரதிகளுக்கான தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டும்.

மன்னார்புரத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில் துணி பீரோவின் இரண்டு கதவையும் திறந்துவைத்து, அதற்கு முன்னால் மைக்கை நிறுத்தி, ஃபேனை அணைத்துவிட்டுப் பாடுகிறவன் நான். பகலில் சாஃப்ட்வேர் வேலை. ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் பாட்டு. நான் போடும் ஒரு பாட்டை நாற்பது பேர் கேட்டால் அது நல்ல வாரம். அதில் இரண்டு தடவை அம்மா. அந்த 50,000 பிரதிகளை முதன்முறை படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு இந்த எண் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று தேட ஆரம்பித்தேன். நிச்சயமாக என்னை வைத்து இல்லை.

அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னே போகணும். அடுத்தவர் மெட்டில் பாடுவது தமிழில் ஒருநாளும் கூச்சப்பட வேண்டிய விஷயமாக இருந்ததில்லை. பாரதி தன் தேசியப் பாட்டுகளில் சிலவற்றுக்கு கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை மெட்டுகளையே எடுத்துக்கொண்டார். மெட்டு இன்னது என்று பாட்டின் தலையிலேயே குறிப்பும் கொடுத்தார். ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டு என்பதுதான் அதன் வசதி. ராகம் தாளம் சொல்லித்தர ஆள் வேண்டாம். நாலு வரியைக் கையில் கொடுத்தால் கூட்டமே பாடிவிடும். குஜிலிப் பதிப்புகளிலும் நாடகப் பாட்டுப் புத்தகங்களிலும், பிறகு பேசும்படம் வந்த காலத்துச் சினிமாப் பாட்டுப் புத்தகங்களிலும் இதே ‘இன்ன மெட்டு’ என்ற குறிப்பைப் பார்க்கலாம். இந்தி மெட்டு, மராத்தி மெட்டு, கீர்த்தனை மெட்டு எல்லாம் வரும். யாரும் ஒளித்துவைக்கவில்லை.

பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் செய்ததும் இதுதான். ஊருக்கே தெரிந்த சினிமா மெட்டில் கட்சி வரிகளைப் போட்டுப் பாடினார். கூட வாசித்த தம்பிகளில் ஒருவர் இளையராஜா. பாதயாத்திரை கிளம்பும் நாட்களில் சமயபுரம் சாலையில் நின்று பாருங்கள், சென்ற வருடத்து குத்துப்பாட்டு அம்மன் பாட்டாகி ஸ்பீக்கரில் வரும். இவை எல்லாவற்றிலும் மெட்டு நிற்கிறது, வார்த்தை மாறுகிறது. நான் பீரோவுக்கு முன்னால் நின்று செய்வது வேறு. மெட்டும் வார்த்தையும் நிற்க, குரல் மட்டும் மாறுகிறது. இந்த இரண்டாவது வகைக்கு இசைத்தட்டு வந்தாக வேண்டியிருந்தது. ஒரு பாட்டுக்கு ‘ஒரிஜினல்’ என்று ஒன்று இருந்தால்தானே அதற்குக் கவர் இருக்க முடியும்?

சட்டம் இங்கே நுழைந்த கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. துளை போட்ட காகிதச் சுருளை வைத்துத் தானே வாசிக்கும் பியானோக்கள் அங்கே பிரபலமாக இருந்தன. அந்தச் சுருள் இசைக்குறிப்பின் பிரதியா இல்லையா என்று வழக்கு வந்தபோது, பிரதி இல்லை என்று 1908-ல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. இசையமைப்பாளர்களுக்குக் காசே கிடையாது என்று அர்த்தம். அடுத்த வருடமே நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றியது. ஆனால் அதற்குள் ஏயோலியன் என்ற பியானோ கம்பெனி பதிப்பாளர்களோடு மொத்தமாக ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தது. உரிமையை முழுசாகக் கொடுத்தால் எல்லாப் பாட்டும் ஒரே கம்பெனிக்குள் போய்விடும் என்ற பயம். அதனால் ஒரு நடுவழி கண்டுபிடித்தார்கள். பாட்டை ஒரு தடவை யாருக்காவது பதிவு செய்யக் கொடுத்துவிட்டால், அப்புறம் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம், ஒரு பிரதிக்கு இரண்டு சென்ட் கட்டினால் போதும். 1911-ல் பிரிட்டனும் இதே மாதிரி ஒரு ஏற்பாட்டைத் தன் சட்டத்தில் வைத்தது. 1914 சட்டம் வழியாக அது இங்கே இறங்கி, 1957-ல் நம் சொந்தச் சட்டம் எழுதியபோது 52(1)(ஜே) என்று உட்கார்ந்தது.

உட்கார்ந்து ரொம்ப நாள் தூங்கியது என்றுதான் சொல்லணும். இந்தியாவில் இசைத்தட்டு என்றால் பெரும்பாலும் எச்.எம்.வி.தான். அந்தப் பிரிவை எழுப்பியவர் குல்ஷன் குமார். தில்லி தரியாகஞ்சில் பழச்சாறு கடைக் குடும்பத்திலிருந்து வந்து, 1983-ல் டி-சீரிஸ் தொடங்கியவர். எச்.எம்.வி.யின் கையிலிருந்த பழைய இந்திப் பாட்டுகளைப் புதுக் குரல்களில் மறுபடி பாடவைத்து, குறைந்த விலை கேசட்டாக ஊர் ஊராக விற்றார். மளிகைக் கடையிலும் பெட்டிக்கடையிலும் கேசட் தொங்க ஆரம்பித்தது. ரஃபி பாட்டைப் பாடித்தான் சோனு நிகம் முதலில் பேர் வாங்கினார். பீட்டர் மேனுவல் இந்தக் காலத்தைப் பற்றி 1993-ல் ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார்.

சண்டை உச்சத்துக்குப் போனது 1994-ல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கௌன்’ படத்தின்போது. டி-சீரிஸ் தன் வெர்ஷன் கேசட்டைக் கொண்டுவந்தது. உறையும் பெயரும் அசலைப் போலவே இருந்து வாங்குபவரைக் குழப்புகிறது என்று கிராமபோன் கம்பெனி தில்லி உயர்நீதிமன்றம் போனது. இது அசல் ஒலித்தடம் அல்ல, வேறு குரல் என்று வாங்குபவனுக்குத் தெளிவாகத் தெரியும்படி அச்சிடு என்பதுதான் 1995-ல் நீதிமன்றம் சொன்னதன் சாரம். இதைப் படித்துவிட்டு 31சி-யைப் படித்தால் ஒவ்வொரு வரிக்கும் முகம் தெரியும். உறையில் எழுது, பழைய பாடகர் படம் போடாதே, அசல் வந்த சூட்டோடு வராதே, கணக்கைக் குறைத்துக் காட்டாமல் 50,000-க்கு முன்னாடியே கட்டு. எல்லாம் தொழிற்சாலையில் கேசட் அடித்த ஆட்களை நினைத்துப் போட்ட வேலி. ஏகபோகத்தை உடைக்கப் பிறந்த பிரிவுக்கு ஏழைப் பாடகன் நினைவே இல்லாமல் போனது இப்படித்தான். அதை வைத்து வளர்ந்த டி-சீரிஸ் 2019-ல் யூடியூபிலேயே அதிக சந்தாதாரர் கொண்ட சேனலானது. இப்போது அதுவே பெரிய உரிமையாளர். அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பிரிவில் இன்னொரு வரி எனக்கு உறுத்தல். தொழில்நுட்ப ரீதியாக அவசியமில்லாத எந்த மாற்றத்தையும் வார்த்தையிலோ இசையிலோ செய்யக் கூடாதாம், உரிமையாளர் சம்மதித்தால் தவிர. பாரதி இந்தக் கட்டம் தாண்டியிருக்க மாட்டார்.

இதற்கு மறுபக்கம் இல்லாமல் இல்லை. அதே 2012 திருத்தம்தான், பாட்டெழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தங்கள் ராயல்டி பங்கை தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுத்து இழக்க முடியாது என்றும் சொன்னது. ஜாவேத் அக்தர் ராஜ்யசபாவில் நின்று வாதாடி வந்த திருத்தம். அதுவரை ஒரு தடவை சம்பளம், அத்தோடு சரி. அதனால் 2017 மார்ச்சில் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கும் சித்ராவுக்கும் நோட்டீஸ் போனபோது, ஊரே ‘நண்பனுக்கு நோட்டீஸா’ என்று கொதித்தாலும், என்னால் முழுதாகக் கொதிக்க முடியவில்லை. எஸ்.பி.பி. தன் ஐம்பது வருடப் பாட்டு வாழ்க்கையைக் கொண்டாட அமெரிக்காவில் மேடை மேடையாகப் பாடிக்கொண்டிருந்தார். அந்த நோட்டீஸின் பார்வையில், தான் பாடிய பாட்டுக்குத் தானே கவர் பாடகர். மெட்டு யாருடையது என்ற கேள்வியை இவ்வளவு கூர்மையாகத் தமிழில் அதற்கு முன் யாரும் வீதிக்குக் கொண்டுவந்ததில்லை. அடுத்தவர் மெட்டில் அண்ணனோடு ஊர் ஊராக வாசித்து வளர்ந்தவரே அதைக் கொண்டுவந்தார் என்பதை முரண் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. மெட்டின் விலை அவருக்குத் தெரிந்திருக்கிறது.

திருச்சிக்கு வருகிறேன். இந்த ஊரின் வானொலி நிலையம் 1939 மே 16-ல் தொடங்கியது. 1952-ல் மத்திய ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை ஆல் இந்தியா ரேடியோவிலிருந்து ஒதுக்கியது தெரிந்த கதை. ஜனங்கள் முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பினார்கள். 1957-ல் விவித்பாரதி கொண்டுவந்து சமாளிக்க வேண்டியதாயிற்று. சினிமாப் பாட்டுக்கு மாற்றாக வானொலி வளர்க்கப் பார்த்த வகைக்குத்தான் மெல்லிசை என்று பேர். வார்த்தைகள் சொன்னபடி கேட்பதில்லை. 1963-ல் விஸ்வநாதன்–ராமமூர்த்தி ‘மெல்லிசை மன்னர்கள்’ ஆனார்கள், சினிமாப் பாட்டுக்காக. அதில் ராமமூர்த்தி எங்கள் திருச்சிக்காரர். பிறகு கல்யாண ரிசப்ஷனில் சினிமாப் பாட்டு மட்டுமே பாடுகிற குழுவுக்கு மெல்லிசைக் குழு என்று பேர் நிலைத்துவிட்டது. கேஸ்கர் கேட்டிருந்தால் நொந்திருப்பார்.

என் சித்தப்பா அப்படி ஒரு குழுவில் பதினாலு வருடம் பாடினார். பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுவார். முகூர்த்த நாட்களில் கோட் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். தென்னூர், உறையூர், ஸ்ரீரங்கம், துறையூர் வரைக்கும். குழுவில் அவர் ‘எஸ்.பி.பி. குரல்’. டி.எம்.எஸ். குரலுக்கு வேறு ஆள். இந்தக் குழுக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘அப்படியே ரெக்கார்டு மாதிரி’ என்பதைத்தான் பெரிய பாராட்டாகச் சொல்வார்கள். ரெக்கார்டு மாதிரிப் பாடியவர்களுக்கு ரெக்கார்டு கிடையாது. ஆயிரக்கணக்கான மேடைகள், ஒரு கேசட்கூட மிச்சமில்லை. ஸ்டுடியோ வாடகை கொடுத்து அடுத்தவர் பாட்டைப் பதிவு பண்ண யாருக்கு வசதி? சித்தப்பா 2011-ல் போய்விட்டார். சொந்தத்தில் ஒரு கல்யாண வீடியோவில் அவர் குரல் சுமார் நாற்பது விநாடி இருக்கிறது. அதிலும் பாதி நேரம் பந்தியில் யாரோ பாயசம் கேட்கிறார்கள்.

வீட்டிலேயே தனியாகப் பதிவு பண்ணலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர் லெஸ் பால் என்ற கிடார்க்காரர். 1948-ல் வீட்டு கராஜில் தன் கிடாரையே ஒன்றன்மேல் ஒன்றாக எட்டுத் தடவை அடுக்கி ஒரு பாட்டு வெளியிட்டார். 1951-ல் மனைவி மேரி ஃபோர்டோடு நியூயார்க் குவீன்ஸில் இருந்த வீட்டில் பதிவு செய்த ‘ஹவ் ஹை த மூன்’ அமெரிக்கப் பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. அது 1940-ல் ஒரு நாடகத்துக்காக எழுதப்பட்ட பாட்டு. ஆக, வீட்டு ஒலிப்பதிவின் முதல் பெரிய வெற்றியே கவர் சாங்தான். 1979-ல் டாஸ்கம் கம்பெனி நாலு டிராக் கேசட் மெஷின் கொண்டுவந்தது. 1982-ல் ஸ்பிரிங்ஸ்டீன் அதில் நியூஜெர்சி வீட்டில் பதிந்த ஒத்திகையையே ‘நெப்ராஸ்கா’ ஆல்பமாக வெளியிட்டார். நம் பக்கம், வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒரே ஹாலில் உட்கார்ந்து, ஒருத்தர் தப்பினால் எல்லோரும் முதலிலிருந்து வாசித்த காலம் போய், 1989-ல் ரஹ்மான் கோடம்பாக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் பஞ்சதன் ரெக்கார்ட் இன் கட்டினார். 1992-ல் ‘ரோஜா’. அங்கே ஒருத்தர் வந்து தனியாகப் பாடிவிட்டுப் போவார், மற்றதெல்லாம் அப்புறம் ஒட்டும்.

இன்று அந்த ஸ்டுடியோவின் வேலையில் பாதியை ஒரு லேப்டாப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸும் செய்கின்றன. பாடுவதைவிடக் கஷ்டம் லேட்டன்சி. நான் பாடுவது கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பி ஹெட்போனில் வருவதற்குள் ஆகும் தாமதம். விநாடிக்கு 44,100 சாம்பிள் என்று வைத்தால், 1,024 சாம்பிள் பஃபர் ஒன்றே 23 மில்லிவிநாடி. தன் குரலே பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும், தாளம் வழுக்கும். 256-க்கு இறக்கினால் ஆறு மில்லிவிநாடிக்குள் வந்துவிடும், ஆனால் லேப்டாப் திணறி கிளிக் கிளிக் என்று சத்தம் போடும். அதற்கு மேல் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ரீங்காரம், ஜங்ஷன் பக்கம் ரயில் ஹாரன், தலைக்கு மேல் ஏர்போர்ட்டுக்கு இறங்குகிற விமானம். பீரோத் துணி எதிரொலியைத் தின்னும், ரயிலைத் தின்னாது.

சட்டம் இந்த அறைக்குள் வராது. நமக்காக மட்டும் பதிந்து ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொண்டால் அது சொந்த உபயோகம், 52-வது பிரிவிலேயே அதற்கு இடம் உண்டு. அப்லோட் பட்டனில்தான் வாசல் இருக்கிறது. அங்கே நிற்கிற காவலாளி நீதிபதி இல்லை, 2007-ல் யூடியூப் கொண்டுவந்த கன்டென்ட் ஐடி மாதிரியான மென்பொருள். குரல் வேறாக இருந்தாலும் மெட்டைக் கண்டுபிடித்து, உரிமையாளரிடம் மூன்று வழி காட்டும்: தடு, விளம்பரம் போட்டுக் காசு எடு, சும்மா கவனி. பெரும்பாலும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்கு அது உறுத்தவில்லை. மெட்டுப் போட்டவருக்குப் பத்துப் பைசா போகட்டும். உறுத்துவது என்னவென்றால், 1909-ல் காசு கட்டினால் பாடலாம் என்பது ஓர் உரிமையாக எழுதப்பட்டது. இன்று பாடலாம் என்பது இன்னொருவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு செட்டிங். இத்தனை லட்சம் வீட்டுப் பாடகர்களின் குரலும் அந்தச் செட்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரு பிரதி வைத்திருக்கிறேன், தனி டிஸ்க்கில்.

சித்தப்பாவின் நோட்டு என்னிடம் இருக்கிறது. நீளவாக்குக் கணக்கு நோட்டு, 212 பாட்டுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே படம், யார் குரல், எத்தனை கட்டை. சிலவற்றில் அசல் சுருதியை அடித்துவிட்டு அரைக்கட்டை இறக்கி எழுதியிருக்கிறார், பிந்தைய வருடங்களில் இன்னும் அரைக்கட்டை. வயதாவது ஆர்மோனியக் கட்டையில் தெரிகிறது. நான் அந்த வரிசையில்தான் பதிவு செய்துகொண்டு வருகிறேன், அவர் எழுதிய சுருதியிலேயே. இப்போது 37-ல் இருக்கிறேன். ஐந்தரைக் கட்டை. அடுத்த மூன்றும் டூயட். பெண் குரல் பாடியவர் பெயருக்குப் பதிலாக ‘தஞ்சாவூர் பாப்பா, பஸ் சார்ஜ் தனி’ என்று மட்டும் எழுதியிருக்கிறது.