கயிறு சாத்துதல்

கயிறு சாத்துதல் என்பது, திருமுறைச் சுவடிக்கட்டில் கயிற்றைச் செலுத்தி, அது பிரிக்கும் ஏட்டிலுள்ள பாடலை இறைவனின் திருக்குறிப்பாகக் கொள்ளும் சைவ வழக்கம். திருமறை வசனத்தைத் தற்செயலாக எடுத்து வழிகாட்டுதல் பெறும் கிறித்தவ வழக்கம் இதற்கு நெருங்கியது. காரைக்கால் மாவட்டத்தின் தென்கோடியில் நாகூரை ஒட்டியுள்ள கீழவாஞ்சூருக்கும், மாவட்டத்துக்கு வடக்கேயுள்ள தரங்கம்பாடிக்கும் இடைப்பட்ட சிறு நிலப்பகுதி இவ்விரு மரபுகளோடும் தொடர்புடையது.

தோற்றம்

இவ்வழக்குக்கு முன்மாதிரி 7-ஆம் நூற்றாண்டில் மதுரையில் நடந்த அனல்வாதம். சமணரோடு வாதிட்ட திருஞானசம்பந்தர், தம் பதிகங்கள் அடங்கிய சுவடியை அவிழ்த்து ஓர் ஏட்டை எடுத்தார். கிடைத்தது திருநள்ளாற்றுப் பதிகம். தீயிலிட்ட அந்த ஏடு கருகாமல் பசுமையாகவே இருந்தது என்பது மரபு. இதனால் அதற்குப் ‘பச்சைப் பதிகம்’ என்று பெயர். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இந்நிகழ்ச்சியைப் பெரியபுராணத்தில் விரித்துப் பாடினார். திருநள்ளாறு இன்றைய காரைக்கால் மாவட்டத்தில் உள்ளது.

முறை

முதலில் திருமுறைக்குப் பூசை செய்து, கேட்க வேண்டியதை மனத்தில் வைத்து வேண்டிக்கொள்வர். பின் கயிறு சாத்தி, வந்த பாடலை ஓதிப் பொருள் காண்பர். ஏடு போய் அச்சு நூல் வந்தபின் நூலிலேயே கயிறு இடுகின்றனர். வைத்தீசுவரன்கோயிலில் நாடிச் சோதிடர் ஏடு பார்ப்பது இதிலிருந்து வேறானது. அங்கே தேடப்படுவது தனிமனிதரின் விதி. இங்கே கேட்கப்படுவது இறைவனின் உத்தரவு. தற்செயலை நாடாமல் பொருள்வாரியாகத் தேவாரம் படிக்க விரும்புவோருக்கு, 14-ஆம் நூற்றாண்டின் உமாபதி சிவம் தொகுத்த தேவார அருள்முறைத் திரட்டு உதவுகிறது. 99 பாடல்கள் கொண்ட இத்தொகுப்பு, அவருடைய திருவருட்பயனின் பத்துத் தலைப்புகளைப் பின்பற்றுகிறது.

கிறித்தவ இணை

மேலைநாட்டில் பெரிதும் அறியப்பட்ட முன்மாதிரி அகுஸ்தீன். 386-இல் மிலான் நகரத் தோட்டமொன்றில், பவுல் எழுதிய நிருபங்களைத் திறந்து, முதலில் கண்ணில் பட்ட பகுதியைப் படித்து மனம் மாறினார். ஜெர்மனியின் எர்ன்குட் ஊரில் வாழ்ந்த மொராவிய சகோதரர் என்னும் கிறித்தவ சபையினர் 1728 முதல் நாளுக்கொரு வசனம் வழங்கினர். 1731 முதல் அவ்வசனங்களை ஆண்டு நூலாக அச்சிட்டனர். ஒவ்வொரு நாளுக்கும் உரிய பழைய ஏற்பாட்டு வசனத்தை இன்றும் சீட்டுக் குலுக்கியே எடுக்கின்றனர். இச்சபையினர் 1760-இல் தரங்கம்பாடிக்கு வந்து, அருகே தோட்டக் குடியிருப்பு அமைத்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை வாழ்ந்தனர்.

அவர்களுக்கு முன்பே 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். 1715-இல் அது அங்கேயே அச்சாகி முடிந்தது. தமிழ்ச் சுவடிகளைத் திரட்டிப் படித்த அவர், உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மனில் தந்தார்.

இன்றைய நிலை

தமிழ்ப் புராட்டஸ்டண்டு சபைகள் பலவற்றில் புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையின்போது ‘வாக்குத்தத்த வசனம்’ அச்சிட்ட அட்டைகளை எடுத்துக்கொள்கின்றனர். ஆண்டு முழுவதற்குமான வழித்துணையாக அதை வீட்டில் வைத்திருப்பர். சைவரிடம் திருமண முடிவு, இடமாற்றம் போன்றவற்றுக்குக் கயிறு சாத்தும் வழக்கம் தொடர்கிறது.

மதிப்பீடு

தற்செயலாகக் கிடைக்கும் வரியைத் தனியே பிடித்துக்கொண்டால் பொருள் திரியக்கூடும் என்பதே இவ்விரு வழக்கங்கள் மீதும் வைக்கப்படும் பொது மறுப்பு. ஆகவே பாடல் கிடைத்தால் பதிகம் முழுவதையும், வசனம் கிடைத்தால் அதிகாரம் முழுவதையும் படித்த பிறகே முடிவெடுப்பது நல்லது.